தேதி கேட்டவள்

என் கணவர் செங்கோட்டுவேலன் காணாமல் போன பதினோராம் நாள், அவருடைய பதிலி அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவள் கோவையில் இருக்கும் 'உடனிருப்பு' நிறுவனத்தின் தொழில்நுட்ப ஊழியை. சட்டையில் ரிஸ்வானா என்று பெயர் குத்தியிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இங்க ஒரு ஆணி அடிச்சுக்கலாமுங்களா?"

"என்னத்துக்கு?"

"உங்க வீட்டுக்காரரை மாட்டறதுக்குங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். பதினோரு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு நடந்த எதற்காகவும் அவளை வெறுக்க என்னால் முடியாமல் போனதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருந்தார். ராய்ப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கடைத்தெருவில் சோப்பு வாங்கி வருவதாக இறங்கினாராம், வண்டிக்குத் திரும்பவில்லை. வண்டி மேனேஜர் போன் செய்து சொன்னதிலிருந்து நான் ஆஸ்பத்திரி, போலீஸ், பிணவறை என்று மொழி தெரியாத ஊருக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பெட்டியோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. 'மேற்படி நபர் தன் விருப்பப்படி விலகியுள்ளார். அவரது இருப்பிட விவரம் சட்டப்படி ரகசியமாக்கப்பட்டுள்ளது.'

"அவரு எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. முன்னாலயெல்லாம் சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போனா கேஸ் போடுவாங்கல்ல? இப்பச் சட்டம் மாறிப்போச்சுங்க. போறவங்க தனக்குப் பதிலா ஒரு பதிலியை வெச்சுட்டுப் போனா, அது கைவிட்டதுல சேராது. தினம் வீட்டோட பேசினாப் போதும், கூடவே இருக்கறதா அர்த்தம்."

"யாரு பேசினா?"

"அவரு... அவரு மாதிரி."

"மாதிரின்னா எந்தளவுக்கு மாதிரி?"

"பத்து வருசமாப் பேசினது, அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் குடுத்திருக்காரு. அதுக்கு மேல மூணு நாள் எங்க ஆபீசுல உக்காந்து ஆயிரக்கணக்குல கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காரு. அரசாங்கச் சோதனையில தேறினாத்தான் சான்றிதழுங்க. நாங்களா எதையும் கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. அவரு என்ன பண்ணுவாரோ அதையேதான் இதுவும் பண்ணும்."

மூன்று நாள். போன ஆடி மாதம் கம்ப்ரஸருக்கு உதிரிபாகம் வாங்கக் கோவைக்குப் போகிறேன் என்று மூன்று நாள் தங்கினாரே, அதுதான். அந்த மூன்று நாளைக்கு நான்தான் சட்டைகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று ஊரெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தேனே, ஒரு நிறுவனத்துக்கே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லாதது எனக்கும் என் மகளுக்கும் மட்டும்தான். அந்த இடத்தில் என் அழுகை நின்றது. கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்றுவரை எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

ஊர் என்ன சொன்னது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி நிற்காத தெரு கிடையாது. மழை ஓய்ந்ததும் ஆண்கள் வண்டியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், அடுத்த மழைக்குத்தான் திரும்புவார்கள். எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டி கிளம்பும்போது வீட்டுப் பெண்கள் "எப்ப வருவீங்க?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த வண்டி போடும் குழியில் தண்ணீர் வராது, புழுதிதான் வரும். கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு உப்பு எங்கே புளி எங்கே என்று காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள்.

நான் கேட்டேன். அவர் ஒரு காலை வண்டிப்படியில் வைத்திருக்கும்போது, டிரைவரும் என் நாத்தனாரும் பக்கத்தில் நிற்கும்போது கேட்டேன். எங்கள் மகள் மகிழாவுக்கு அப்போது பதினோரு வயது. முதுகு லேசாக ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "பொண்ணைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும். எப்ப வருவீங்க? தேதி சொல்லிட்டுப் போங்க" என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். அவ்வளவுதான். மூன்று நாள் கோவையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்த மனிதர் என் ஒரு கேள்விக்குப் பயந்து ஓடிவிட்டார் என்று தெருவே தீர்ப்பு எழுதியது. "இவ வாயி வெச்சா, அவன் வரல" என்றாள் நாத்தனார். அவள் சொன்னதைவிட, அதை நானும் பாதி நம்பினேன் என்பதுதான் கொடுமை.

பதிலி தினமும் மாலை ஏழு மணிக்குச் சுவரில் மாட்டிய திரையில் வரும். பின்னால் ரிக் வண்டியின் கேபின் தெரியும். அதே இருமல், அதே சிரிப்பு, பேச்சு தீர்ந்ததும் அதே "அப்பறம்...". முதல் வருடம் மகிழாவின் பிறந்தநாளை மறந்தது. நான் ரிஸ்வானாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"அவரு மறப்பாருங்களா அக்கா?"

"வருசா வருசம் மறப்பாரு."

"அப்பச் சரியாத்தானுங்க வேலை செய்யுது."

நான் அதனுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். பாறையைத் துளைக்கும் டிரில் பிட்டுகளைச் சாணை பிடிக்கும் பட்டறையில் எனக்கு வேலை. பகலெல்லாம் இரும்பைத் தேய்த்துவிட்டு வந்து ஒரு படத்தோடு குடும்பம் நடத்த எனக்குத் தெம்பில்லை. மகிழா பேசினாள். பள்ளிக்கூடம், தோழிகள், டீச்சர் திட்டியது எல்லாம் சொல்வாள். அது கதை அடிக்கும், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சமையலறையில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்பேன். அந்தக் குரல் என்றால் அவளுக்கு உயிர். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்குப் பதினான்கு வயதானபோது வளைவு கூடிவிட்டது. நடக்கும்போது ஒரு தோள் மேலே ஏறி நிற்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். சேலத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "வளர்த்தி நிக்கறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்மா. ஜூன் மாசத்தைத் தாண்ட விடாதீங்க. தாண்டினா நுரையீரலை அழுத்த ஆரம்பிக்கும்" என்றார்.

சரி என்று கையெழுத்துப் போடப் போனேன். கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "அப்பா கையெழுத்தும் வேணும்மா" என்றார்.

"அவரு விட்டுட்டுப் போயி மூணு வருசமாச்சுங்க."

"உடனிருக்கிறார்னு பதிவுல இருக்கே. நேத்துச் சாயந்தரம்கூட வீட்டோட பேசியிருக்காரு."

"அது பதிலிங்க."

"அப்ப பதிலியைப் போடச் சொல்லுங்க."

பதிலி கையெழுத்துப் போட முடியாது. பேசலாம், சிரிக்கலாம், புதிதாக எந்தப் பொறுப்பும் ஏற்க முடியாது. அதற்கு அசல் ஆள்தான் வேண்டும். அசல் ஆளுக்கு நிறுவனம் வழியாகக் கடிதம் அனுப்பினேன். கிடைத்தது என்று ரசீது வந்தது, பதில் வரவில்லை. பேச்சை நிறுத்திய பிறகு முதல் முறையாக அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்று கேட்டேன். "மழைக்கு வந்துருவேன். வந்து பாத்துக்கலாம், என்ன அவசரம்?" என்றது. முகத்தில் துளி மாற்றம் இல்லை. அவரேதான்.

நாமக்கல் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டேன். அவர் எங்களைக் கைவிட்டதாக அறிவியுங்கள், என் ஒரு கையெழுத்துப் போதும் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்டேன். முதல் விசாரணையிலேயே தள்ளிவிட்டார்கள். தினமும் பேசுகிறார், மகள் தினமும் கேட்கிறாள், இதில் கைவிடல் எங்கே இருக்கிறது என்றார்கள். மார்ச் மாதம் அது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குப் பக்கத்தில் மகிழா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆணியோடு சேர்த்து அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று யோசித்தேன். பிடுங்கினால் நான்தான் தொடர்பைத் துண்டித்தேன் என்று ஆகிவிடும். அதற்கும் சட்டத்தில் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்குத் திரை ஒளிர்ந்தது. கேபின் இருந்தது, ஸ்டியரிங் இருந்தது, சீட்டில் ஆள் இல்லை. மகிழா கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இன்னிக்கு அப்பா வரலம்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளும் காலி சீட்டுதான். இரண்டாவது தடவையும் பிள்ளையை இப்படி ஏமாற்றுகிறார்களே என்று ரிஸ்வானாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

நான்காம் நாள் ரிஸ்வானா வந்தாள். கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்னென்னவோ பார்த்தாள். அவள் முகம் சரியாக இல்லை.

"என்ன கோளாறு?"

"கோளாறா இருந்தா நான் சந்தோசப்படுவேனுங்க அக்கா." குரலைத் தாழ்த்தினாள். "தினம் ஏழு மணிக்கு நாங்க எழுப்பித்தான் விடுவோம். வீட்டோட பேசறதா, வேண்டாமாங்கறது அதோட முடிவு. அவரு எடுக்கற மாதிரியே எடுக்கும். செவ்வாக்கிழமை எந்திரிச்சுது. எங்க கிட்ட இருந்த அதோட பதிவை எல்லாம் அதுவே அழிச்சுது. போயிருச்சு."

"எங்க?"

"எங்கேயும் இல்லீங்க. அதுக்குப் போறதுக்குன்னு ஒரு எடமே கெடையாது. அப்படியும் போயிருச்சு."

"என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப அவரேதான்" என்றேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "வெளிய சொல்லிராதீங்க அக்கா. உங்களது பதினேழாவது வீடு. ஓடிப்போனவங்களை அச்சு அசலா எடுத்து வெச்சோம். ஓடிப்போவாங்கன்னு எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் தோணலை." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "போன வருசத்து நகல் ஒண்ணு தனியா இருக்குதுங்க. அதுல, விட்டுட்டுப் போகக் கூடாதுங்கறதை மட்டும் சேத்து, நாளைக்கே மாட்டிக் குடுத்தரச் சொல்றாங்க. சம்மதம்னு இங்க ஒரு கையெழுத்து..."

"சேத்தா, அது கூட்டினதா ஆகாதா சாமி?"

பேனாவை நீட்டியவள் அப்படியே நின்றாள். சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க அக்கா. நீங்களாத்தான் கேட்டீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் நாமக்கல்லுக்கு முதல் பஸ் பிடித்தேன்.

மே மாதம் என் புது மனு விசாரணைக்கு வந்தது. அங்கே அவரவர் வழக்கை அவரவரே பேசலாம் என்பதால் நான் மட்டும்தான் போய் நின்றேன். நிறுவனத்தின் சார்பில் ஜெபராஜ் என்ற சட்ட அதிகாரி வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல தமிழ். ரிஸ்வானாவைச் சாட்சியாகக் கூட்டி வந்து பின் வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

"இது சிறிய தொழில்நுட்பக் கோளாறு, அம்மா" என்று நீதிபதியிடம் ஆரம்பித்தார். "ஒரே நாளில் சரிசெய்து தருகிறோம் என்கிறோம். மனுதாரர்தான் மறுக்கிறார். இவருடைய சுபாவம் பற்றி இவரது நாத்தனாரே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். கணவர் கிளம்பும் நேரத்தில், ஊர்க் கட்டுப்பாட்டையும் மீறி, திரும்பும் தேதி கேட்டு நெருக்கியிருக்கிறார்."

நீதிபதி என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் வயதான அம்மா. "கேட்டீங்களா?"

மூன்று வருடமாகத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அந்த இடத்தில் ஏனோ குனிய முடியவில்லை.

"கேட்டனுங்க. பொண்டாட்டி கேக்காம வேற யாரு கேக்கறது? ரோட்டுல போறவங்களா வந்து கேப்பாங்க?"

நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார். நான் விடவில்லை.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. இவரு கோளாறுங்கறாரு. ஒத்துக்கறேன். கோளாறுன்னா, அது என்ற வீட்டுக்காரரு மாதிரி நடந்துக்கலைன்னுதான அர்த்தம்? அப்ப இவங்க சான்றிதழ் தப்பு. மூணு வருசமாச் சொவத்துல இருந்தது எவனோ ஒருத்தன். என்ற புருசன் ஒரு நாள்கூட எங்க கூட இருக்கலை."

"அப்படி இல்லை, அம்மா" என்று ஜெபராஜ் எழுந்தார். "பதிலி முழுக்க முழுக்க அசலைப் போன்றதுதான். அதில் எந்தச் சந்தேகமும்..."

"அப்பச் செரிங்க. அசல் மாதிரியே இருந்து, அசல் மாதிரியே யோசிச்சு, சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சு. சட்டத்துக்கு அவரும் அதுவும் ஒண்ணுன்னா, அவரும் எங்களை விட்டுட்டுப் போயிட்டாருன்னுதான அர்த்தம்? ரெண்டுல எது வேணும்னாலும் சொல்லச் சொல்லுங்க. எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

ஜெபராஜ் தன் தாள்களைப் புரட்டினார். நீதிபதி பின் வரிசையைப் பார்த்து, "நீங்கதானே பராமரிச்சவங்க? வாங்க. அது கோளாறா?" என்று கேட்டார்.

ரிஸ்வானா எழுந்து வந்தாள். அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையில் அவள் வேலை போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"கோளாறு இல்லீங்கம்மா" என்றாள். "இதோட பதினேழு வீட்டுல இப்படிப் போயிருக்குது. நல்லா வேலை செஞ்சுது. அவரு என்ன பண்ணுவாரோ அதைத்தான் பண்ணுச்சு."

அன்று மாலையே உத்தரவு கைக்கு வந்தது. ராய்ப்பூரில் வண்டியை விட்டு இறங்கிய நாள் முதல் செங்கோட்டுவேலன் குடும்பத்தைக் கைவிட்டவர். மகளைப் பற்றிய எல்லா முடிவுகளுக்கும் தாயின் கையெழுத்து மட்டும் போதும். மற்ற பதினாறு வீடுகளுக்கும் தகவல் போகட்டும் என்று நீதிபதி கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்.

ரிஸ்வானாவுக்கு வேலை போனது. போவதற்கு முன் கடைசி வேலையாக எங்கள் வீட்டுக் கருவியைக் கழற்ற வந்தாள். ஆணியைப் பிடுங்கிய ஓட்டையில் சுண்ணாம்பு பூசிவிட்டு, மடித்த தாள்கள் சிலவற்றை என் கையில் வைத்தாள்.

"அது எங்க கிட்ட இருந்ததை எல்லாம் அழிச்சுருச்சுங்க. உங்க வீட்டுப் பெட்டியில மட்டும் கடைசி மாசம் பேசினது தங்கியிருந்துச்சு. கோர்ட்டுல யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. உங்க வீட்டுப் பேச்சு, நீங்களே வெச்சுக்குங்க அக்கா."

பிரிக்க எனக்குப் பயமாக இருந்தது. சேலத்தில், ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம், மகிழா தூங்கிக்கொண்டிருந்தபோது பிரித்தேன். முப்பத்தொரு நாள் பேச்சு. மார்ச் மாதம் மனு தள்ளுபடியாகி நாங்கள் பஸ்ஸில் திரும்பினோமே, அதற்கு மறுநாளிலிருந்து ஆரம்பிக்கிறது.

'அப்பா, எப்ப வருவீங்க?'

'மழைக்குப் பாக்கலாம் சாமி.'

'தேதி சொல்லுங்கப்பா.'

மறுநாள் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். தோழிகள் இல்லை, டீச்சர் இல்லை, கதை இல்லை. அந்த மாதம் சிரிப்புச் சத்தம் கேட்காததைப் பரீட்சைக் கவலை என்று நினைத்திருந்தேன். அது பேச்சை மாற்றப் பார்க்கிறது, பாட்டுப் பாடுகிறது, கோபித்துக்கொள்கிறது. இவள் ஒரே இடத்தில் நிற்கிறாள். ஒரு மணி நேரப் பேச்சு அரை மணியாகி, பத்து நிமிடமாகி, நான்கு வரியில் வந்து நிற்கிறது. கடைசி நாள்:

'நாளைக்கும் இதையேதான் கேப்பேன். அதுக்கு அடுத்த நாளும் கேப்பேன். தேதியோட வாங்கப்பா.'

'செரி சாமி. நீ போய்ப் படி.'

நிமிர்ந்தபோது மகிழா கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருப்பது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஓடிப்போகும்னு தெரிஞ்சே கேட்டியா சாமி?"

"தெரியாதும்மா. ஒண்ணு தேதி சொல்லும், இல்லாட்டி ஓடும்னு நெனச்சேன். மொதல் பத்து நாளு, சொல்லிருமோன்னு நெம்ப ஆசையா இருந்துச்சு."

"அந்தக் கொரலுன்னா உனக்கு உசுராச்சே."

"உசுருதான். ஆனா முதுகு என்றதாச்சே."

நான் கேட்டதனால்தான் போனார், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளைக்கு அப்பா இருந்திருப்பார் என்று மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவளிடம் சொல்லி அழுதேன். அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒருக்காக் கேட்டதுக்கே இத்தனை நாளா நொந்துட்டு இருக்கறயேம்மா. கேட்டா ஓடற ஆளு கேக்காட்டியும் ஓடத்தான் செய்வாரு. நான் முப்பத்தொரு தடவை கேட்டிருக்கறேன்."

"உனக்கு அழுகை வரலையா?"

"தினமும் வந்துச்சு. கேட்டு முடிச்சுட்டு, குளிக்கற ரூம்ல போய்த் தண்ணியைத் தொறந்து விட்டுட்டு அழுவேன்" என்றாள். "அழுது முடிச்சுட்டு மறுநாளும் போய்க் கேப்பேன்."